தோலுக்கு ஷேடு கலந்தவர்

அடிபட்ட இடம் எதுவென்று வண்டிக்காரனுக்கே தெரியக் கூடாது. இதுதான் என் மாப்பிள்ளையின் தொழில். நான் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன். அவர் அதன்மேல் பெயிண்ட் அடிக்கிறவர். என் தங்கையைக் கட்டியவர் என்பதால் எனக்கு மாப்பிள்ளை. பட்டறைக்கு வருகிறவர்களுக்கு அவர் பெயர் ‘ஷேடு’. எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ‘சுத்தியல்’. கையில் சுத்தியல் இருப்பதால் வைத்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். வாயைப் பார்த்து வைத்தது என்று என் தங்கை சொல்வாள்.

வெள்ளை வண்டி என்று நீங்களும் நானும் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். மாப்பிள்ளைக்கு வெள்ளை என்று ஒன்று கிடையவே கிடையாது. வெயிலில் கிடந்த வெள்ளை வேறு, நிழலில் கிடந்த வெள்ளை வேறு. கொஞ்சம் மஞ்சள் விழுந்திருக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் நீலம் தூக்கும். ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று விட்டுக் கலந்து, ஓர் அட்டையில் தடவிக் காயவைத்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு தரம் பார்ப்பார். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு தரம் பார்ப்பார். இரண்டு வெளிச்சத்திலும் ஒத்துப்போனால்தான் பெயிண்ட் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துவார். உடனே கம்ப்ரசர் அலற ஆரம்பிக்கும். அப்புறம் நான் என்ன திட்டினாலும் அவர் காதில் விழாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். துருவின்மேல் பெயிண்ட் அடிக்க மாட்டார். “சும்மா மேலாப்ல ஒரு கோட் அடிச்சுக் குடுங்க, வண்டிய விக்கப்போறேன்” என்று யாராவது வந்தால், சாந்தமாக, “அதுக்கு வேற பட்டறை இருக்குங்க” என்பார். பளபளவென்று தகரம் தெரிகிறவரை சுரண்டாமல் அவர் பிரைமர் டப்பாவைத் திறந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவு கறாரான மனிதர் தன் உடம்புக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

அவருக்கு மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்திலும் கடுகு கடுகாகச் சிவந்த பருக்கள். சின்ன வயதிலிருந்தே உண்டு. பரு என்றால் பழுக்கும், காயும், போகும். இவை போகவில்லை. “பெயிண்ட் தின்னர் ஒத்துக்கலபோல” என்று பட்டறையில் எல்லோரும் சொன்னோம். அவரும் ஆமாம் என்றார். பட்டறைக்கு வருவதற்கு முன்பே அவை இருந்தன என்பதை யாரும் யோசிக்கவில்லை. கைகளிலும் முதுகிலும் வெளுப்பாகச் சில திட்டுகள், ஒரு முனை உருண்டு மறுமுனை கூராக, இலை மாதிரி. கால் நகங்களின் ஓரத்தில் சின்னதாகச் சதை முளைக்கும். ஷூ கடித்தது என்று பிளேடால் சீவிவிடுவார். வலிக்காதா என்று கேட்டால் சிரிப்பார்.

பட்டறையில் மாஸ்க் போட்டுக்கொள்வதால் முகம் பிரச்சினை இல்லை. நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போகவேண்டும் என்றால்தான் வேலை ஆரம்பிக்கும். நாடகக்காரர்கள் பூசிக்கொள்ளும் களிம்பு இருக்கிறதே, வியர்வைக்கும் தண்ணீருக்கும் அசையாதது, அதில் நாலைந்து நிறம் வாங்கி வைத்திருந்தார். தன் தோலுக்குத் தானே ஷேடு கலப்பார். முன்கைக்கு ஒரு கலவை, கழுத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. பூசி முடித்தால் சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் திட்டு தெரியாது. மேடு மட்டும் மறையாது என்பதால் தாடி வளர்த்துக்கொண்டார். வெளியே போனாலும் மாஸ்க்.

“எனக்கும் கொஞ்சம் பட்டி பாருங்க மாப்ளே, இந்தக் கன்னத்து டொக்கெல்லாம் நிமிரட்டும்” என்பேன்.

“உங்களுக்கு டிங்கரிங் வேலையே முடியாது மச்சான், வண்டியவே மாத்தணும்” என்பார்.

அவருடைய மகள், எங்கள் குட்டி, ஐந்தாம் வகுப்பு. அவளுக்கும் முழங்காலுக்குக் கீழே ஓர் இலைத் திட்டு இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ அதைப் பார்த்துவிட்டுத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் காலையில் அவளுக்கென்று ஒரு சின்ன பாட்டில் தயாராக இருந்தது. பூசிவிட்டுத்தான் சீருடை மாட்டுவாள். அப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் அவர் கழிவறையிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, “மச்சான், ஒண்ணுக்கு ரெட் ஆக்சைடு கலர்ல போகுது” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இடுப்பில் வலது பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டார். கல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

ஸ்கேன் எடுத்த பெண் முதலில் பேசிக்கொண்டே எடுத்தாளாம். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டாளாம். அப்புறம் பெரிய ஸ்கேன். கிட்னி டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். நிதானமான மனிதர், எதையும் மூடி மறைக்கவில்லை.

“ரெண்டு கிட்னியிலயும் கட்டிங்க இருக்கு. இடதுல இருக்கிறது சின்னச் சின்னது. வலதுல ஒண்ணு பெருசு, நடுவுல உக்காந்திருக்கு. ரத்தம் அதுலருந்துதான் வருது.”

“கேன்சருங்களா?” என்று கேட்டாள் என் தங்கை.

“இந்தப் படத்தை மட்டும் வச்சு இல்லைன்னு சொல்ல முடியலம்மா. அது இருக்கிற இடத்தைப் பாத்தா வலது கிட்னியை முழுசா எடுக்கறதுதான் பாதுகாப்பு. இடதை அடிக்கடி ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கலாம்.”

இடதும் ஒருநாள் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் மெஷினில் படுத்து எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்றார். மாப்பிள்ளை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்னி போனால் தொழில் போகும். தொழில் போனால் இந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து சுவரின் வெள்ளையை வெறித்துக்கொண்டிருப்பார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

டாக்டர் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டார். “வேற ஏதாவது வியாதி? தோல்ல ஏதாவது? சின்ன வயசுல வலிப்பு? குடும்பத்துல யாருக்காவது?” ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளை இல்லை என்று தலையாட்டினார். மாஸ்க் போட்டிருந்தார். கைகள் பளிங்கு மாதிரி இருந்தன. ஆஸ்பத்திரியும் நாலு பேர் கூடுகிற இடம்தானே, காலையிலேயே பூசிக்கொண்டு வந்திருந்தார். முகத்துப் பரு தின்னரால் வந்தது, கைத் திட்டு பிறந்ததிலிருந்து இருப்பது, இதற்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? அப்படித்தான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆபரேஷன் நாள் காலை. கிருமி கொல்லும் சோப்பைக் கொடுத்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். குளித்துவிட்டு வந்தார். வந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, பையிலிருந்து பாட்டில்களை எடுத்து, மறுபடியும் முகத்துக்கும் கைக்கும் டச்-அப் செய்துகொண்டார். மயக்கம் கொடுத்துவிட்டால் நாலு பேர் பார்ப்பார்களே, அப்போது மறைத்துக்கொள்ளக் கை வராதே என்று கவலையாம். உலகத்தில் வேறு எவனுக்காவது இந்தக் கவலை வந்திருக்குமா?

நர்ஸம்மா கையில் ஊசி ஏற்றுவதற்காக ஸ்பிரிட் பஞ்சை வைத்துத் தேய்த்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சை எடுத்துத் தேய்த்தார். அதுவும் பழுப்பு. அடியில் ஓர் இலை வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

“என்னங்க இது, தோலே கையோட வருது?”

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. “கொஞ்சம் மேக்கப்புங்க” என்றார்.

“ஆபரேஷனுக்கு மேக்கப்பா? பொண்ணு பாக்கவா போறீங்க? ஒண்ணு விடாம தொடைச்சு எடுங்க. அந்த மாஸ்க்கையும் கழட்டுங்க.”

மூன்று கிண்ணம் பஞ்சு தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா உள்ளே வந்தார். ஒல்லியாக, தலை நரைத்தவர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வந்தவர் வாயைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். மூக்கின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கையைத் தூக்கி வெள்ளை இலைகளைப் பார்த்தார். சட்டென்று போர்வையை விலக்கிக் கால் நகங்களைப் பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“சின்ன வயசுல உங்களுக்கு வலிப்பு வந்திருக்கா?”

மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற என் தங்கையைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே எனக்குப் பாதி புரிந்துபோயிற்று.

“வந்ததில்லைங்க.”

“நிச்சயமா?”

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “மாப்ளே! கண்ட கண்ட வண்டிக்கெல்லாம் தகரம் தெரியிற வரைக்கும் சுரண்டுவீங்க. உங்க உசுரு மட்டும் துரு மேலயே ஒரு கோட்டா? சொல்லித் தொலைங்க!”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் மெதுவாகச் சொன்னார். குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சிலிருந்து விழுந்திருக்கிறார். மருந்து சாப்பிட்டு, வளர வளர நின்றுவிட்டது. வெளியே சொன்னால் எவன் வேலை கொடுப்பான், எவன் பெண் கொடுப்பான் என்று அவருடைய அம்மா வாயைக் கட்டச் சொல்லியிருந்தார். கட்டியவர் அவிழ்க்கவே இல்லை.

டாக்டரம்மா எழுந்து வெளியே போய் கிட்னி டாக்டரோடு பேசினார். அன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்று வந்து சொன்னார்கள். நல்லதா கெட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை.

கிட்னி டாக்டர் வந்து நின்றார். “நான் அன்னிக்கே கேட்டேன் இல்லையா?” என்று மட்டும் கேட்டார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாகத் தெரிந்தது.

எல்லோரும் போனபிறகு தங்கை சொன்னாள். “மூஞ்சில பூசினீங்க, கையில பூசினீங்க, அது உங்க கஷ்டம்னு விட்டேன். எங்கிட்டயுமா பூசணும்? வலிப்பு இருந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா நான் உங்கள வேணாம்னா சொல்லியிருப்பேன்?” பிறகு அழுதாள். அவரும் அழுதார். நான் தண்ணீர் வாங்கப் போகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

பிற்பகலில் தோல் டாக்டரின் அறைக்கு அனுப்பினார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்ட சின்ன அறை. விளக்கை அணைத்துவிட்டு, கையில் பிடிக்கிற ஒரு நீல விளக்கைப் போட்டார். மாப்பிள்ளையின் கையிலும் முதுகிலும் திட்டுகள் இலை இலையாகப் பளிச்சிட்டன. நாங்கள் பார்த்தேயிராத திட்டுகள்கூடத் தெரிந்தன.

“டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்னு பேரு” என்றார் தோல் டாக்டர். “அபூர்வமான வியாதி. உடம்புல உள்ள செல்லெல்லாம் கண்டபடி வளராம இருக்க ஒரு பிரேக் இருக்கும். உங்களுக்குப் பிறவியிலயே அந்த பிரேக் சரியாப் பிடிக்கல. அதனாலதான் முகத்துல இந்த மேடு, நகத்துல சதை. மூளையிலயும் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும், வலிப்பு அதுலருந்து வந்தது. கிட்னில கட்டியும் அதனாலதான்.”

“அப்ப கேன்சர் இல்லைங்களா?”

“இந்த வியாதில வர்ற கட்டிங்க பெரும்பாலும் கேன்சர் இல்ல. ஆனா அப்படியே நம்பிட்டுப் போகக் கூடாது. பெரிய கட்டிலருந்து ஊசியால ஒரு துணுக்கு எடுத்துப் பாப்பாங்க. கேன்சர் இல்லைன்னு வந்தா, கட்டியைச் சுருக்க மாத்திரையே இருக்கு.”

மாத்திரை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாப்பிள்ளைக்கும் முகம் மலர்ந்தது. டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார். “குழந்தைங்க இருக்காங்களா? பிள்ளைங்களுக்கும் வரலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூட்டிட்டு வாங்க.”

மலர்ந்த முகம் அப்படியே கறுத்துவிட்டது. “அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க டாக்டர்” என்றார் மாப்பிள்ளை. அப்புறம் கையைக் கூப்பி, “என் கிட்னிய வேணும்னா எடுத்துக்கங்க, அவள விட்டுருங்க” என்றார். எவனும் அப்படி விலை பேசிவிட முடியாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தகப்பன் வேறு என்ன சொல்வான்?

மறுநாள் குட்டியைக் கூட்டி வந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரியே காலில் அழகாகப் பூசிக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நாமாவது நன்றாக இருக்கிற மாதிரித் தெரியவேண்டும் என்று நினைத்தாளாம். அதே கறுப்பறை. தோல் டாக்டர் பஞ்சை எடுத்தார்.

“நான் தொடைக்கிறேங்க” என்றார் மாப்பிள்ளை.

கையில் டிரிப் ஊசியின் பிளாஸ்டர் ஒட்டியிருக்க, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மகளின் காலை மடியில் வைத்துக்கொண்டார். அவர் கலந்த ஷேடு. எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் தெரியாத ஷேடு. பஞ்சு பஞ்சாகத் துடைத்தார்.

“அப்பா, கூசுது” என்று குட்டி சிரித்தாள்.

விளக்கை அணைத்து நீல விளக்கைப் போட்டார்கள். காலில் ஒன்று தெரிந்தது. இடுப்பில் இரண்டும் முதுகில் ஒன்றும் இருந்தன. “அய், என் மேல இலை!” என்றாள் குட்டி. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஆமாம், அவளுக்கும் இருந்தது. அன்றைக்கே அவளுடைய வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். அடுத்த சில நாட்களில் தலையையும் இதயத்தையும் பார்த்தார்கள். கிட்னி இரண்டும் சுத்தம். தலையில் சின்ன முடிச்சுகள் உண்டு, தொந்தரவு செய்யாதவை. “இவ்வளவு சீக்கிரம் கண்ணுல பட்டது பெரிய விஷயம்” என்றார் டாக்டர். “வருஷா வருஷம் பாத்துட்டே இருந்தா, கிட்னில ஒரு பட்டாணி வந்தாக்கூட நமக்குத் தெரிஞ்சிரும். அப்பா மாதிரி ரத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.” என் தங்கை அந்த வாக்கியத்தைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு கேன்சர் இல்லை என்று வந்தது. சதையும் கொழுப்பும் ரத்தக்குழாயும் கலந்த கட்டியாம். “யாரோ தப்பா ஷேடு கலந்திருக்கான்” என்றார் மாப்பிள்ளை. அவர் ஜோக் அடித்து எத்தனை நாள் ஆகியிருந்தது!

மாத்திரை லேசுப்பட்டதில்லை. முதல் மாதங்களில் வாயெல்லாம் புண். காரமான எதையும் பார்த்தால் ஓடுவார். கோபம் வேறு வந்தது, என்னைவிட அதிகமாக. பட்டறையில் அந்த நாட்களில் எனக்கே ‘பஞ்சு’ என்று பெயர் மாறிவிடும்போல் இருந்தது. ஆனால் சிறுநீர் தெளிந்தது. முகத்துக்கு ஒரு களிம்பு கொடுத்தார்கள், பூசுகிற களிம்பு இல்லை, மருந்துக் களிம்பு. மேடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கின. அடுத்த ஸ்கேனில் வலது பக்கத்துப் பெரிய கட்டி நன்றாகவே சுருங்கியிருந்தது. ரத்தம் வந்தால் உடனே ஓடிவாருங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று கிட்னி டாக்டர் எச்சரித்தார். எச்சரித்துவிட்டுக் கை குலுக்கினார். இரண்டு கிட்னியும் இன்றைக்கும் அவர் வயிற்றில்தான் இருக்கின்றன.

தாடியை எடுத்துவிட்டார். பெயிண்ட் ரூமுக்குள் மட்டும்தான் மாஸ்க். வருகிறவர்கள் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். சிலர் கேட்பார்கள். பேரைச் சொல்லி விளக்குவார். பாதிப் பேருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அவரும் விடாமல் பிரேக் கதையைச் சொல்லுவார்.

குட்டியின் பாட்டிலை மட்டும் அவர் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தார். “போடறதும் விடறதும் அவ இஷ்டம் மச்சான். நான் சொல்லமாட்டேன்” என்றார். அவளும் சில நாள் பூசினாள், சில நாள் பூசவில்லை.

போன வாரம் அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த குஷியில், அரைக்கால் சட்டையும் செம்மண் புழுதியுமாக நேரே பட்டறைக்கு ஓடிவந்தாள். காலில் அந்த இலை பளிச்சென்று தெரிந்தது. வண்டிக் கதவு ஒன்றுக்கு ஷேடு பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அட்டையைக் கீழே வைத்தார்.

“பூசலையா குட்டி?” என்று நான்தான் கேட்டேன்.

“மறந்துட்டேன் மாமா. கோட்டுல நிக்கும்போது ஒரு பொண்ணு கேட்டா, கால்ல என்ன வெள்ளையான்னு. எங்கப்பா பெரிய பெயிண்டர், எந்தக் கலரும் கொண்டுவந்துருவாரு, இது மட்டும் டாக்டருங்களுக்குத் தெரியணும்னு விட்டுவச்சிருக்காருன்னு சொன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“‘ஓ’ன்னா. அப்புறம் விசில் ஊதிட்டாங்க. ஓடிட்டேன்.”

மாப்பிள்ளை அவள் தலையில் கையை வைத்தார். பிறகு அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பெயிண்ட் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கம்ப்ரசர் சத்தம் வரும் வரும் என்று பார்த்தேன். வெகுநேரம் வரவில்லை. வண்டிக்காரர் வந்து, வேலை முடிந்ததா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.